சூட்டில் மக்கர் பண்ணும் பழைய 230இ

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா விட்டுப்போன 1990ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 230இ. காலையில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் ஓடுகிறது. டர்பனுக்கு வடக்கே இருக்கிற பீனிக்ஸ் வரை போய் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் பத்துப் பதினைந்து விநாடி ஸ்டார்ட்டர் சுற்றினால்தான் உயிர் வருகிறது. வந்த பிறகும் அரை நிமிஷம் தள்ளாடுகிறது, அது அடங்கினால் குறையில்லாமல் ஓடுகிறது. ஜோகன்னஸ்பர்க் போகிற வழியில் ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்தினபோது இன்னும் மோசம். பிளக், தண்ணீர் டெம்பரேச்சர் சென்சர், பெட்ரோல் பம்ப் ரிலே மூன்றும் மாற்றியாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பங்கிட்டு அனுப்புகிற ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, அண்ணா?

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். அந்த வண்டியில் இருப்பதிலேயே விலை கூடிய சாமான்களில் அது ஒன்று. நீங்கள் சொன்ன அறிகுறிக்கு அது காரணமாக இருக்கிற வாய்ப்பும் குறைவு. மாற்றிய மூன்றில் எதையாவது அளந்து பார்த்துவிட்டு மாற்றினார்களா என்று கேட்டுப்பாருங்கள். அநேகமாக இல்லை. சூட்டு ஸ்டார்ட் கோளாறில் பணம் கரைவது இப்படித்தான். வண்டி பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஆறிப்போயிருக்கும், மெக்கானிக் சாவியைத் திருப்புவார், ஒரே சுற்றில் ஓடும். பிறகு அவருக்கு ஊகத்தைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

நான் டர்பனின் தென்பக்கத்தில் நாற்பது வருஷம் வண்டி வயரிங் பார்த்தவன். இன்ஜெக்டருக்கும் அக்யூமுலேட்டருக்கும் தமிழில் என்ன பெயர் என்று சாயங்காலத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் ஸ்பேர்ஸ் கடையில் கேட்கிற பெயரிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஸ்பேனர் வேண்டாம். கடிகாரமும் ஒரு நோட்டும் போதும். வண்டியை அரை மணி நேரம் நன்றாக ஓட்டி நிறுத்துங்கள். 2 நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்து, எத்தனை விநாடி சுற்றியது என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுபடியும் ஓட்டி, 10 நிமிஷம் கழித்து. பிறகு 30 நிமிஷம், ஒரு மணி, மூன்று மணி. ஒரே நாளில் முடியாது, மூன்று நாலு நாள் ஆகும், ஆகட்டும். ஒவ்வொரு தடவையும் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த ஐந்து எண்களும் எந்தப் பக்கம் திரும்புவது என்று காட்டிவிடும். 2 நிமிஷத்தில் நன்றாக ஓடி, 20 முதல் 40 நிமிஷத்துக்குள் மோசமாகி, மூன்று மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டால், அது பெரும்பாலும் பெட்ரோல் ஆவியாகிற கதை. 2 நிமிஷத்திலேயே ஓடாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றும்போய், ஆறும் வரை அசையாமல் கிடந்தால் அது கரண்ட் பக்கம். நேரம் ஆக ஆக பெட்ரோல் வாடை கூடி, ஓடியதும் பின்னால் கறுப்புப் புகை வந்தால் எங்கேயோ சொட்டுகிறது. ஸ்டார்ட்டரே முக்கி முக்கிச் சுற்றினால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். பேட்டரி, எர்த் வயர், ஸ்டார்ட்டர் மூன்றையும் பாருங்கள். சுற்றும்போது பேட்டரியில் வோல்ட் 9.6க்குக் கீழே இறங்கினால் அங்கேயே நின்றுவிடலாம்.

உங்கள் கதை முதல் வகை மாதிரி இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வண்டி ஓடும்போது பானெட்டுக்குள் சூடு இருந்தாலும் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலும் டேங்கிலிருந்து வந்து, தேவைக்கு மேல் உள்ளது டேங்குக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டமே குழாய்களைக் குளிர வைக்கும். சாவியை அணைத்த நொடியில் இந்த மூன்றும் நின்றுவிடும். ஆனால் இன்ஜின் இரும்பில் ஏறின சூடு எங்கே போகும்? மேலேதான் ஏறும். அதனால் நிறுத்திய பிறகு முதல் அரை மணி நேரம், பெட்ரோலை இன்ஜினுக்குள் தெளிக்கிற இன்ஜெக்டர்களின் குழாய்கள் ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகச் சூடாகும். பிப்ரவரி மாதம் டர்பன் வெயிலில் தார் ரோட்டின் மேல் நிறுத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கிற பண்டம் இல்லை. அதில் இருக்கிற இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே குமிழி விட ஆரம்பிக்கும். அது நடக்காமல் தடுப்பது பிரஷர். பிரஷர் குக்கரில் வெயிட் உட்கார்ந்திருக்கும் வரை உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதில்லையா, அதேதான். அதனால்தான் போஷ் கம்பெனி 1973இல் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் முறையைக் கொண்டுவந்தபோதே, வண்டியை நிறுத்திய பிறகும் குழாய்க்குள் பிரஷர் நிற்கும்படி வடிவமைத்தார்கள். உங்கள் வண்டியில் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை, கேஇ-ஜெட்ரானிக். ஓடும்போது சுமார் 5.3 முதல் 5.5 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடலோரக் காற்றழுத்தம்). நிறுத்தியதும் இன்ஜெக்டர் திறக்கிற அளவுக்குக் கீழே இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். அரை மணி கழித்தும் ஏறக்குறைய 2.5 பார் இருந்தால் நல்ல ஆரோக்கியம்.

இந்த பிரஷரைக் காவல் காக்கிறவர்கள் நாலு பேர். பம்பின் வாயில் பெட்ரோலைப் பின்னால் திரும்பவிடாத செக் வால்வ், பம்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கும் ரப்பர்த் தோலும் வைத்துப் பிரஷரைப் பிடித்துவைக்கிற அக்யூமுலேட்டர், முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் பிரஷர் அளவை நிர்ணயிக்கிற ரெகுலேட்டர், கடைசியில் இன்ஜெக்டர்கள். ஐந்தாவதாக கோல்ட் ஸ்டார்ட் வால்வையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களில் ஒருவர் தூங்கினாலும் பிரஷர் ஐந்து நிமிஷத்தில் பூஜ்யம். பிறகு சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகும். நீங்கள் வந்து சாவியைத் திருப்பும்போது பம்ப் அந்த ஆவியைத்தான் முதலில் நசுக்கித் தள்ள வேண்டும். உங்கள் இன்ஜெக்டர்கள் சுமார் 3.5 பார் வந்தால்தான் வாயைத் திறக்கும். அது வரை ஸ்டார்ட்டர் சும்மா சுற்றும், அதுதான் அந்தப் பத்துப் பதினைந்து விநாடி. ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் வந்து இன்னொன்றுக்குக் குமிழி வரும்போது ஏற்படுவதுதான் அந்த அரை நிமிஷத் தள்ளாட்டம்.

"காலையில் ஒழுங்காக ஓடுகிறதே, அப்படியானால் பம்ப், வால்வ் எல்லாம் நன்றாகத்தானே இருக்க வேண்டும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தத் தர்க்கத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள், நானும் ஆரம்பத்தில் சறுக்கியவன்தான். இரவில் பிரஷர் முழுதாக இறங்கித்தான் போயிருக்கும். ஆனால் குழாய் ஆறிவிட்டதால் உள்ளே இருப்பது ஆவி இல்லை, பெட்ரோல். பம்ப் ஒரு விநாடி சுற்றினாலே பிரஷர் ஏறிவிடும். போதாததற்கு கோல்ட் ஸ்டார்ட் வால்வ் தனியாகக் கொஞ்சம் பெட்ரோலைத் தெளித்து உதவி செய்கிறது. சூட்டில் அந்த உதவி கிடையாது. ஆகவே காலை ஸ்டார்ட் கோளாறை மூடி மறைக்கிறது, அவ்வளவுதான்.

ஹாரிஸ்மித் ஏன் மோசம் என்பதும் இதிலேயே இருக்கிறது. டர்பனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் என்3 ரோட்டில் ஓட்டி, வான் ரீனன் கணவாயை முக்கி ஏறி, 1600 மீட்டருக்கு மேல் போய் நிறுத்துகிறீர்கள். கடலோரத்தில் இருப்பதைவிட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மூடின குழாய்க்குள் பிரஷர் நின்றால் வெளிக்காற்று எப்படி இருந்தாலும் கவலையில்லை. பிரஷர் கசிந்துவிட்டால், டர்பனில் கொதிக்காத பெட்ரோல்கூட அங்கே கொதித்துவிடும். நீங்கள் கேள்வியில் எழுதிய அந்த ஒரு வரிதான், மாற்றிய மூன்று சாமான்களையும்விட எனக்கு அதிகம் சொன்னது. இடையில் ஒன்று: "அங்கே மேட்டு நிலத்தில் 93 பெட்ரோல் போட்டாய், அதனால்தான், 95 போட்டால் சரியாகிவிடும்" என்று பெட்ரோல் பங்க்கில் ஒருவர் நிச்சயம் சொல்லியிருப்பார். அந்த எண், அதாவது ஆக்டேன், இன்ஜின் தட்டாமல் எரிவதைப் பற்றியது. பெட்ரோல் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டேங்க் அளவை எழுதச் சொன்னதற்குக் காரணம் இது. முன்னால் போய்த் திரும்பி வருகிற பெட்ரோல் சூட்டையும் கூடவே கொண்டுவருகிறது. டேங்க் நிறைய இருந்தால் அந்தச் சூடு கரைந்துவிடும். கால் டேங்க்தான் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் டேங்கே வெதுவெதுப்பாகிவிடும். அத்தோடு டேங்குக்குள் இருக்கிற வடிகட்டி அடைத்திருந்தால், பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலிலேயே குமிழி உண்டாகும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பின் சீட்டுக்கு அடியிலிருந்து வண்டு ரீங்காரம் போல் சத்தம் கேட்டால் அதைச் சந்தேகப்படுங்கள். நிறைந்த டேங்கில் கோளாறு குறைந்து, கால் டேங்கில் கூடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இனி, பைசா செலவில்லாத ஒரு சோதனை. கோளாறு வருகிற அந்த அரை மணி நேரத்தில், சாவியை ஸ்டார்ட்டருக்குக் கொண்டுபோகாமல் இக்னிஷன் வரை மட்டும் திருப்புங்கள். பின்னால் பம்ப் ஒரு விநாடி சுற்றுவது கேட்கும். அணையுங்கள். இப்படி நாலைந்து தடவை செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஓடிவிட்டால் பிரஷர் இறங்கியிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்காது. ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் பிரஷர் கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கீழே நான் சொல்லப்போகிற கரண்ட் பக்கத்தை முதலில் பாருங்கள். அந்த ஒரு விநாடி சத்தமே கேட்கவில்லையா? அப்படியானால் சூட்டில் ரிலேவுக்கோ பம்புக்கோ கரண்ட் போகவில்லை. புது ரிலே என்பதால் மட்டும் அதை நம்பிவிட வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல் பிரஷரை அளக்கிற கேஜ். இதற்குக் கேஇ-ஜெட்ரானிக் தெரிந்த ஆளும், டிஸ்ட்ரிபியூட்டரின் சோதனை வாயில் மாட்டுகிற சரியான அடாப்டரும் வேண்டும். டயர் கேஜை வைத்துக் கயிறு கட்டுகிற வேலை இல்லை. ஐந்து பார் பெட்ரோல் கண்ணில் தெறித்தாலும் சூடான எக்ஸாஸ்டில் விழுந்தாலும் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. நட்டைத் தளர்த்துகிறபோது மேலே துணியைச் சுற்றுங்கள், தீயணைப்புச் சிலிண்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் சிகரெட்டை அணைத்துவிட்டு வரட்டும். சூடான வண்டியை அணைத்து 0, 10, 30 நிமிஷத்தில் எத்தனை பார் என்று எழுதுங்கள்.

பிரஷர் இறங்கினால், எந்தக் காவல்காரன் தூங்கினான் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதில்தான் வேலையின் ருசி இருக்கிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற ரப்பர் ஹோஸ் ஒன்று உண்டு. மழுங்கின வாய் உள்ள கிளாம்ப் போட்டு, வண்டியை அணைத்த உடனே அதை இறுக்கிவிடுங்கள். இப்போது பிரஷர் நின்றால், கசிவு பின்னால்தான்: செக் வால்வ், அல்லது அக்யூமுலேட்டர். இரண்டில் எது என்று பார்க்க, அக்யூமுலேட்டரின் ஸ்பிரிங் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் போகும், அதைக் கழற்றிப் பாருங்கள். அந்த அறையில் பெட்ரோலே இருக்கக் கூடாது. பிரஷர் இருக்கும்போது அங்கிருந்து பெட்ரோல் வந்துகொண்டிருந்தால் உள்ளே இருக்கிற தோல் கிழிந்துவிட்டது. உலர்ந்திருந்தால் குற்றவாளி செக் வால்வ். பல பம்புகளில் அது தனியாகக் கழன்று வரும், பம்ப் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. இவையெல்லாம் பின் இருசுக்கு முன்னால், வண்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கின்றன. உங்கள் வண்டி ஈஸ்ட் லண்டனில் கோத்து, காலமெல்லாம் டர்பன் கடல் காற்றில் நின்ற வண்டியாக இருந்தால், அந்த மூடியின் போல்ட்டுகள் வம்பு செய்யும். முந்தின நாளே துரு எண்ணெய் விட்டுவையுங்கள்.

ஸ்கிராப்யார்டில் அக்யூமுலேட்டர் வாங்காதீர்கள். இரும்புச் சாமான் என்றால் நானே போய் வாங்கிவா என்பேன். இதன் உயிர் உள்ளே இருக்கிற ரப்பர்த் தோலில் இருக்கிறது, அதற்கும் உங்களுடையதுக்கும் ஒரே வயதுதான்.

பின் ஹோஸை இறுக்கியும் பிரஷர் இறங்குகிறதா? அப்போது முன்பக்கம். ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். பம்ப் நின்ற பிறகு அதில் சொட்டு விழக் கூடாது, விழுந்தால் ரெகுலேட்டர். அதுவும் உலர்ந்திருந்தால் இன்ஜெக்டர்களையும் கோல்ட் ஸ்டார்ட் வால்வையும் கழற்றி, குழாயோடு சேர்த்து வெளியே வைத்து, பம்பை மட்டும் ஓட்டி, நுனியில் சொட்டு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில், இன்ஜினுக்குப் போகிற காற்றை அளக்கிற ஏர் ஃப்ளோ தட்டைக் கைதவறி அமுக்கிவிடாதீர்கள். அமுக்கினால் எல்லா இன்ஜெக்டரும் சேர்ந்து தெளித்துவிடும்.

இன்ஜெக்டர் சொட்டுவதில் ஒரு குழப்பம் உண்டு. அது பிரஷரையும் இறக்கும், இன்ஜினையும் நனைக்கும். அதனால் ஒரு நாள் பெட்ரோல் போதாத மாதிரி, மறுநாள் பெட்ரோல் மிதமிஞ்சின மாதிரி நடந்துகொள்ளும். கோளாறு வந்த நேரத்தில் ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பாருங்கள். நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தால் சொட்டுதான். உலர்ந்திருந்தால் ஆவி, அல்லது கரண்ட்.

டெம்பரேச்சர் சென்சரை ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள். ஆனாலும் அளந்து பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். சூடான இன்ஜினில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். வயர் கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும் இதே கதைதான். புதுச் சென்சர், பழைய கனெக்டர். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது கரண்ட் பக்கம். இதைச் சொல்ல என் மானம் போன கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு புனித வெள்ளி, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூழ்ப் பூஜை. அந்த நாளில் அங்கே வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். மச்சானுடைய ஆறு சிலிண்டர் வண்டி ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போய், வெயிலில் நாற்பது நிமிஷம் நின்று, திரும்பும்போது எழும்ப மறுத்துவிட்டது. பின்னால் வண்டி வரிசை, ஹார்ன் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டின அரை டஜன் மாமாமார்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார்கள். "வேப்பர் லாக், வேப்பர் லாக்" என்றார் ஒருவர், அதாவது குழாயில் பெட்ரோல் ஆவி அடைத்துக்கொண்டது என்று. நானும் தொழில்காரன் அல்லவா, தலையை ஆட்டினேன். பக்கத்து வண்டியிலிருந்து தண்ணீர் வாங்கி, அக்காவின் புதுத் துண்டை நனைத்துப் பெட்ரோல் குழாயில் சுற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. பத்துப் பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். இருட்டின பிறகு தானாக ஓடியது.

ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம், இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டுகிற டாக்கோமீட்டர் முள் அசையாமல் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் மனசில் வாங்கவில்லை. பல வண்டிகளில் சுற்றும்போது அந்த முள் கொஞ்சமாவது துடிக்கும். துடிக்கவில்லையென்றால் இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியே கம்ப்யூட்டருக்கோ இக்னிஷன் பெட்டிக்கோ போகவில்லை என்று அர்த்தம். இன்ஜின் சுற்றுவதைப் பார்த்து அந்தச் செய்தியை அனுப்புகிற கிராங்க் சென்சர் சூட்டில் செத்து, ஆறினதும் உயிர்த்தெழுந்தது. உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச் சுருளில் வெடிப்பு இருந்தால் சூட்டில் விரிந்து விலகும், ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். செய்தி போகாததால் பெட்ரோலும் வராது, பொறியும் வராது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு வேப்பர் லாக் மாதிரியே இருக்கும். அக்கா அந்தத் துண்டைப் பற்றி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

உங்கள் வண்டியில் டாக்கோமீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை மாட்டி, கோளாறு வந்த நேரத்தில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிற பழைய பழக்கம் வேண்டாம்; இந்தக் கால இக்னிஷன் பெட்டி உங்களையும் அடிக்கும், தன்னையும் சுட்டுக்கொள்ளும். பொறி இல்லையென்றால் கிராங்க் சென்சரின் ஓம் அளவை எடுங்கள். உங்கள் வண்டியின் இக்னிஷனுக்கு 680க்கும் 1200க்கும் நடுவில் இருக்க வேண்டும். சூட்டிலேயே எடுக்க வேண்டும், ஆறினபின் எடுத்தால் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

இன்னொன்று, ஓவர் வோல்டேஜ் ரிலே. தலையில் ஃப்யூஸ் குத்திய சின்ன டப்பா அது, கேஇ கம்ப்யூட்டருக்குக் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டால் சூட்டில் விட்டு விட்டு வேலை செய்யும். ஏபிஎஸ் விளக்கு சில சமயம் காரணமில்லாமல் எரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். பழைய பம்ப் ரிலேக்களிலும் இதே விரிசல் வரும். டப்பாவைத் திறந்து பற்றுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மோதிரம் மாதிரி வட்டமாகத் தெரியும்.

உங்களைப் போலவே வேறு இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெயில் என்கிற ஒரே பொதுக் குழாயில் மின்சார இன்ஜெக்டர்கள் மாட்டின வண்டிகளில் பிரஷர் 2.5, 3 பார் அளவில்தான் இருக்கும், பெரும்பாலானவற்றில் அக்யூமுலேட்டர் கிடையாது. நியாயம் ஒன்றேதான். அவற்றில் முதலில் ரெகுலேட்டருக்குப் போகிற வேக்குவம் ஹோஸைப் பிடுங்கி மோந்து பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்தோல் கிழிந்து பெட்ரோல் நேராக, இன்ஜினுக்குக் காற்று போகிற மானிஃபோல்டுக்குள் போகிறது; சூட்டில் எழும்பாததற்கு அதுவே போதும். சில டொயோட்டாக்களில் சூட்டு ஸ்டார்ட்டின்போது அந்த வேக்குவத்தைக் கொஞ்ச நேரம் துண்டித்துப் பிரஷரைக் கூட்டுவதற்கென்றே ஒரு சின்ன மின் வால்வ் உண்டு. அது அடைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி இருமும்.

ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திரும்பி வருகிறேன். அது கெடவே கெடாது என்று சொல்லவில்லை. உள்ளே மேலும் கீழும் நகர்கிற பிளஞ்சர் பிசின் பிடித்து ஒட்டலாம், ஓரத்தில் பெட்ரோல் கசியலாம். ஆனால் பிளஞ்சர் ஒட்டினால் ஓடும்போதும் தெரியும்: ஆக்ஸிலரேட்டரை அமுக்கும்போது இடறும், ஐடிலிங் ஏறி இறங்கும், காலையிலும் சண்டித்தனம் செய்யும். உங்கள் வண்டி அந்தத் தள்ளாட்டம் அடங்கிவிட்டால் குறையில்லாமல் ஓடுகிறது என்கிறீர்கள். மற்ற நாலு காவல்காரர்களும் நிரபராதி என்று கேஜ் சொன்ன பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

அதுவரை அடிக்கடி நிறுத்தவேண்டி வந்தால், நிறுத்தின பிறகு பானெட்டைப் பத்து நிமிஷம் திறந்து வையுங்கள், நிழலில் நிறுத்துங்கள், டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். சாவி வித்தை கை கொடுத்தால் அதையும் செய்யுங்கள். பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரும் போய்விடும், பிறகு இரண்டு கோளாறு.

ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். இதுவரை பார்த்தவர்களில் யாராவது டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஏர் ஃப்ளோ தட்டுக்கும் நடுவில் இருக்கிற துளையில் 3 மில்லிமீட்டர் ஆலன் சாவியை விட்டுத் திருகினார்களா? அது காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்கிற மிக்ஸ்சர் அளவு. திருகியிருந்தால் மேலே சொன்ன அறிகுறிகளெல்லாம் கலங்கிப்போயிருக்கும், முதலில் அதை மீட்டருடன் சரியாக வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க முடியும். திருகவில்லையென்றால், அணைத்த பிறகு 0, 10, 30 நிமிஷத்தில் கேஜ் காட்டின மூன்று எண்களையும் நோட்டில் இருக்கிற விநாடிக் கணக்கையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.